பட்டாசுக்கடைக் கப்பலில் இருபத்தேழு வருஷம்

வெடிமருந்துக் கப்பல்ல வேலைக்குச் சேர்ந்தா முதல் நாளே சொல்லிக்குடுக்குற பாடம், தள்ளி நிக்கிறது. நான் அந்தப் பாடத்த இருபத்தேழு வருஷம் படிச்சு, நல்லா மார்க் வாங்கி, கடைசியில சொந்த வீட்டுலயும் தள்ளியே நின்னுட்டேன்.

நான் திண்டுக்கல் நாகல் நகர்க்காரன், பேரு காதர். எங்க சொந்தத்துல பாதிப் பேரு தோல் வியாபாரம், மீதிப் பேரு பிரியாணி. தண்ணி லாரி வந்தாலே தெருவே திரண்டு நிக்கிற ஊர்லேருந்து நான் ஒருத்தன் மட்டும் ஏதோ ஒரு பரீட்சை எழுதி, கடல்ல போயி விழுந்தேன். யூனிபாரம் போட்ட கப்பற்படை ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. கப்பற்படைக்கு வேலை செய்ற சிவிலியன். லஸ்கர்னு பேரு. கயிறு இழுக்குறது, பெயிண்ட் அடிக்கிறது, சரக்கு ஏத்தி இறக்குறதுன்னு சகலமும் பார்க்குற ஆளு. எங்க கப்பல் சின்னது. கிடங்குலேருந்து பீரங்கிக் குண்டு, ராக்கெட்டு, டார்பிடோன்னு ஏத்திக்கிட்டுப் போயி, கடல்ல நிக்கிற போர்க்கப்பலுக்குக் குடுத்துட்டு வரும். எந்தத் துறைமுகம்னு கேக்காதீங்க. வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுப் போட்டு, இப்ப சொல்லலாம்னாலும் வாய் வரமாட்டேங்குது.

துபாய்க்குப் போனவங்க, போர்வெல் போடுற வண்டியில வடக்க போனவங்க, லாரி ஸ்டீயரிங்கப் பிடிச்சவங்க, வருஷத்துக்கு ஒருதரம் சொந்த வீட்டுக்கே விருந்தாளியா வந்துபோன என் இனத்து மக்களே, உங்களுக்குத்தான் இத எழுதுறேன். மத்தவங்களும் படிக்கலாம். ஆனா சிரிக்கிற எடத்துல மட்டும் சிரிச்சுக்குங்க.

பட்டாசுக்கடை

நான் சேர்ந்தப்ப கப்பல் புத்தம் புதுசு. சாம்பல் நிறப் பெயிண்ட் கையில ஒட்டும். மத்த கப்பல் எல்லாம் நம்ம திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல வண்டிக நிக்கிற மாதிரி ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு, ஜெட்டிங்கிற கரைமேடையில நிக்கும். எங்க கப்பல மட்டும் ஒரு மைலுக்கு அந்தப் பக்கம், தண்ணிக்கு நடுவுல, ஒரு மிதவையில கட்டிப் போட்டிருப்பாங்க. சரக்கு இருக்குற வரைக்கும் கம்பத்துல ஒரு சிவப்புக் கொடி பறக்கும். அதப் பார்த்ததும் மீன்பிடிப் படகு கூட ஒதுங்கிப் போகும். துறைமுகத்துல யாரும் எங்க கப்பல அதோட பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 'பட்டாசுக்கடை'தான்.

எங்களுக்கு மேஸ்திரி மாதிரி ஒருத்தர் இருந்தாரு, அப்பாராவ். அந்த உத்தியோகத்துக்கு சீராங்னு பேரு. ஸ்ரீகாகுளத்துக்காரரு, சென்னையில பல வருஷம் இருந்ததால தமிழ் நல்லா பேசுவாரு. என்னவிட நாலஞ்சு வயசு சின்னவரு, ஆனா வேலையில எனக்கு மேல. முதல் வாரமே அவருகிட்ட கேட்டேன். எல்லாக் கப்பலும் ஊர்ப்பக்கம் நிக்குது, நம்ம மட்டும் ஏன் இப்படி ஒதுக்கி வச்ச மாதிரி நிக்கிறோம்னு. அவரு கயித்துல இருந்து கையெடுக்காமலே சொன்னாரு: "காதர் பாய், நம்ம சரக்கு எல்லாருக்கும் வேணும். நம்ம பக்கத்து வீடு யாருக்கும் வேண்டாம்."

செம்புத் தகடு

கப்பல்ல ஏறுறதுக்கு முன்னாடி நாங்க பட்ட பாடு இருக்கே! வத்திப்பெட்டி இருக்கான்னு பையத் தடவுவாங்க. ஆணி அடிச்ச செருப்பு ஆகாது. நைலான் சட்டை ஆகாது, உரசினா பொறி பறக்குமாம். எல்லாம் முடிஞ்சு குண்டு அடுக்கியிருக்குற அறை வாசல்ல வந்தா, செவத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு பதிச்சிருக்கும். அதுல கைய வச்சுட்டுத்தான் உள்ள போகணும். நம்ம உடம்புல சேர்ந்திருக்குற மின்சாரம் அதுவழியா இறங்கிருமாம். ஒரு நாளைக்கு அம்பது தடவ உள்ள போனா அம்பது தடவையும் தொடணும்.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துருச்சு. லீவுல ஊருக்கு வந்தா எங்க வீட்டு இரும்பு கேட்டுல ஒரு நிமிஷம் உள்ளங்கைய வச்சு நின்னுட்டுத்தான் உள்ள நுழைவேன். பால் வாங்கப் போனாலும் அப்படித்தான், தொழுதுட்டு வந்தாலும் அப்படித்தான். எனக்கே தெரியாது நான் அப்படிச் செய்றேன்னு. எதிர்வீட்டு முருகேசன் நாலு நாளா பார்த்துக்கிட்டே இருந்திருக்காரு. அஞ்சாவது நாள் ரப்பர் செருப்பு மாட்டிக்கிட்டு, கையில டெஸ்டரோட தெருவக் கடந்து வந்து கவலையா கேட்டாரு: "என்ன பாய், கேட்டுல கரண்டு வருதா?"

எப்ப வந்தே, எப்ப போறே

நம்ம இனத்து மக்களுக்கு இதச் சொல்லவே வேண்டாம். ஊர்ல கால வச்சதும் ரெண்டு கேள்வி வரும். எப்ப வந்தே, எப்ப போறே. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு கூட விட மாட்டாங்க. ஒருதரம் ஜங்ஷன்ல ரயில விட்டு இறங்கி ஆட்டோவுல ஏறுறேன், ஓட்டுறவரு தெரிஞ்ச முகம், "பாய், எப்ப வந்தீங்க?"ங்கிறாரு. உங்க ஆட்டோலதாங்க வந்துக்கிட்டிருக்கேன்னேன். "அப்படியா, எப்ப போறீங்க?"ன்னாரு. வீடு போயே சேரல நான்.

ஊர்க்காரங்க கேட்டா சிரிச்சுக்கலாம். எம்மக நஸ்ரினுக்கு அப்ப நாலு வயசு. நான் வந்த ரெண்டாம் நாள் மத்தியானம் கட்டில்ல படுத்திருந்தேன். எம்பொண்டாட்டி ஜரினா அடுப்படியில இருந்தா. பிள்ள தலகாணியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல நின்னா. பதினோரு மாசம் அம்மாவோட ஒட்டிப் படுத்துப் பழகுன பிள்ள, நான் வந்த அன்னையிலேருந்து கீழ பாயில படுத்திருக்கு. நான் சிரிச்சுக்கிட்டே வா கண்ணுன்னு கையத் தட்டுனேன். வரல. கோவமும் இல்ல அவளுக்கு. ரொம்ப மரியாதையாத்தான் கேட்டா: "அத்தா, நீங்க எப்ப போவீங்க? நீங்க படுத்திருக்குறது என் எடம்."

பச்சப் பிரியாணி

ஜரினா தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைச்சு வந்திருந்தேன். மண்டபத்துக்குப் பின்னாடி தேக்சா தேக்சாவா பிரியாணிக்கு அடுக்கி வச்சிருக்காங்க. ஓரத்துல ஜெனரேட்டருக்கு டீசல் கேன். அதுக்குப் பக்கத்துலயே நாலு பேரு பீடி குடிச்சுக்கிட்டு நிக்கிறானுக. ஒரு பிளாஸ்டிக் வாளியத் தூக்கிக்கிட்டு வாசல்லயே நின்னுட்டேன். வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் வத்திப்பெட்டி, லைட்டர், பீடி எல்லாத்தையும் வாங்கி வாளியில போட்டேன். மாப்பிள்ளையோட மாமாகிட்டேருந்து கூடப் புடுங்கிட்டேன். பெரிய மனுஷன் ஏதோ சம்பிரதாயம்னு நெனச்சு, பணிவா எடுத்துப் போட்டுட்டுப் போனாரு. வாளி நிறைஞ்சதும் எடுத்துட்டுப் போயி, தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒளிச்சு வச்சுட்டு நிம்மதியா வந்து உக்காந்தேன்.

செத்த நேரத்துல பின்பக்கம் ஒரே கூச்சல். அரிசி ஊறிருச்சு, கறி தயாரா இருக்கு, வெறகு அடுக்கியாச்சு, பத்த வைக்க மண்டபத்துல ஒரு தீக்குச்சி இல்ல. நிக்காஹ் ஓதி முடிச்சும் பந்தி போடல. ஜனம் வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எங்க சொந்தத்துலயே பெரிய பிரியாணி மாஸ்டரு, கறிக் கரண்டியோட என் முன்னாடி வந்து நின்னு, கும்பல் முழுக்கக் கேக்குற மாதிரி சொன்னாரு: "மாப்ள, உங்க கப்பல்ல பச்சையாத்தான் திம்பீகன்னா சொல்லிருங்க, எனக்கும் வேலை மிச்சம்."

தனி ஆளு பெருநாள்

ஒரு வருஷம் நோன்புப் பெருநாள் அன்னைக்குக் கப்பல் நிறைய சரக்கு. இறக்குற வரைக்கும் ஒருத்தரும் கரைக்குப் போகக்கூடாது. கப்பல்ல இருந்த பதினாலு பேர்ல நான் ஒருத்தன்தான் பாய். தூரத்துல ஊர்ப் பள்ளிவாசல் மினாரா தெரியுது. வெள்ளச் சட்ட போட்ட கூட்டம் புள்ளி புள்ளியா தெரியுது. தக்பீர் சத்தம் காத்து அடிக்கிறப்ப வருது, காத்து நின்னா போயிருது. பெருநாள் தொழுகைய ஒத்தையா தொழ முடியாது, அதுக்கு ஜமாத் வேணும். அதனால முன்தளத்துல துண்ட விரிச்சு தனியா தொழக்கூடிய நஃபில் ரெண்டு ரக்அத் மட்டும் தொழுதேன். அழுகையா வந்துச்சு. நோன்பு முப்பதும் வச்ச ஆளுக்கு கட்டித் தழுவி முலாக்கத் பண்ண ஒரு தோள் இல்லையேன்னு இருந்துச்சு.

தொழுகைய முடிச்சுச் சலாம் குடுத்துட்டுத் திரும்புறேன், பின்னாடி அப்பாராவ் நிக்கிறாரு. குளிச்சு, திருநீறு வச்சு, சலவச் சட்ட போட்டிருக்காரு. யார்கிட்டயோ கேட்டிருப்பாரு போல, ரெண்டு கையையும் விரிச்சு வந்து கட்டிப் பிடிச்சாரு. இந்தத் தோள்ல ஒருதரம், அந்தத் தோள்ல ஒருதரம், மறுபடியும் இந்தத் தோள்ல ஒருதரம். நான் விடல. அவரு சட்ட நனைஞ்சிருச்சு. மனுஷன் அசையாம நின்னுக்கிட்டு என் காதுகிட்ட கேட்டாரு: "பாய், மூணு தடவைன்னு சொன்னாங்க. முப்பது நாளுக்கு முப்பதா?"

வந்த விருந்தாளி

போர்க்கப்பல் எங்க பக்கத்துல வந்து அணைஞ்சா எங்களுக்குக் கல்யாண வீடுதான். மாசக் கணக்கா பதினாலு மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்கோம்ல. எங்க சமையக்காரன் அன்னைக்குன்னு உளுந்த வடைக்கு ஊறப் போட்டுருவான். ஆனா வந்தவங்க யாரும் எங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. குண்டு ஒண்ணொண்ணா கிரேன்ல மேல போகும், கடைசிப் பொட்டி போனதும் கயித்த அவுத்துக்கிட்டுப் பறந்துருவாங்க.

ஒருநாள் ஒரு சின்ன வயசு ஆபீசரு, பார்த்தா நம்ம மதுரப் பக்கத்துப் பையன். தமிழ்ப் பேச்சக் கேட்டதும் எனக்குக் கால் தரையில நிக்கல. தம்பி, வட சூடா இருக்கு, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னு தட்டோட நின்னேன். அவரு வடையப் பார்த்தாரு, கம்பத்துல இருக்குற கொடியப் பார்த்தாரு, என்னப் பார்த்தாரு. நல்ல பிள்ள, பொய் சொல்ல வரல. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, பார்சல் கட்டிக் குடுத்துருங்க, தூரமாப் போயிச் சாப்டுக்குறோம்."

பத்தொம்பதாம் நம்பர் பொட்டி

செல்போன் வந்ததும் எங்களுக்கு இன்னொரு ரூல் வந்துச்சு. ஜெட்டி வாசல்ல ஒரு மர அலமாரி, புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்னப் பொட்டி. போன ஆஃப் பண்ணி அதுல வச்சுட்டுத்தான் படகேறிக் கப்பலுக்குப் போகணும். என் பொட்டி பத்தொம்பது. காவலுக்கு இருந்தவரு நாயக், ஒடியாக்காரரு, அரைகுறைத் தமிழ். ஒருநாள் காலையில அவசரத்துல போன ஆஃப் பண்ண மறந்து வச்சுட்டுப் போயிட்டேன். அன்னைக்கு முழுக்கச் சரக்கு ஏத்துறோம். சரக்கு ஏறுறப்ப கப்பல்ல வயர்லெஸ்ஸக் கூட மூடிருவாங்க. கரையிலேருந்து ஒரு சேதியும் வராது.

அன்னைக்கு ஒம்பது மணிக்கு எங்க அத்தா மவுத்தாயிட்டாரு. தோல் கிடங்குக்குக் கிளம்புனவரு வாசல்லயே உக்காந்துட்டாராம். எங்கள்ல மய்யித்த வச்சுக்கிட்டுக் காத்திருக்க மாட்டாங்க. நான் ஒரே ஆம்பளப் பிள்ள. ஜரினா கூப்பிட்டுப் பார்த்து, கூப்பிட்டுப் பார்த்து ஓஞ்சுட்டா, சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம் பண்ணிட்டாங்க. நான் ஒரு பிடி மண்ணு போடல. அது எனக்கு இன்னைக்கும் ஆறல, ஆறவும் ஆறாது. சாயங்காலம் ஜெட்டிக்கு வந்து பொட்டியத் திறக்கப் போனேன். நாயக் எப்பவும் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. அன்னைக்கு நாற்காலிய அலமாரியோட ஒட்டிப் போட்டிருந்தாரு. எந்திரிச்சு நின்னு சொன்னாரு: "பாய், உன் போன் காலையிலேருந்து அழுதுச்சு. நான் எடுக்கக் கூடாது, ரூல். அதான் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்."

போட்டோவுல ஒரு ஓரம்

நஸ்ரின் கல்யாணம். மாப்பிள்ளை பழனியில பாத்திரக்கடை. என் பிள்ள கல்யாணத்துல நான் எங்க நின்னேன் தெரியுமா? மண்டபத்துக் கடைசியில, தீயணைக்கிற சிவப்புச் சிலிண்டர் பக்கத்துல. வேணும்னு போயி நிக்கல. கூட்டம்னா கால் தானா ஓரத்துக்குப் போயிருது. கப்பல்ல, வேலையில்லாத ஆளு சரக்குப் பக்கத்துல நிக்கக்கூடாதுன்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. மண்டபத்துல எல்லா வேலையையும் ஜரினாவே பார்த்துக்கிட்டா. பத்திரிகை, பந்தி, சீர், சம்பந்தி வீட்டுக்காரங்க சண்டை, எல்லாம். எனக்கு ஒரு வேலையும் இல்ல.

குடும்பப் போட்டோ எடுக்குறப்ப ஜரினா கையக் காட்டிக் கூப்பிட்டா. போயி ஓரமா நின்னேன். போட்டோக்காரப் பையன் கேமராவுலேருந்து கண்ண எடுத்து, "சார், நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"ன்னு கேட்டான். எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ஜரினா மட்டும் சிரிக்கல. எங்கைய வெடுக்குன்னு பிடிச்சு இழுத்துப் பக்கத்துல நிறுத்துனா. "ஒட்டி நில்லுங்க. நாங்க ஒண்ணும் உங்க சரக்கு இல்ல."

லீவு முடியாத லீவு

அறுபது வயசாச்சு, ரிட்டயர்டு ஆயி ஊருக்கு வந்துட்டேன். வீட்டு முன்னறையில ஜரினா அஞ்சு தையல் மெஷின் போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்குறா. காலையில எட்டு மணிக்குப் பொம்பளப் பிள்ளைக வர ஆரம்பிச்சா எனக்கு எடம் கிடையாது. கூடத்துல உக்காந்தா துணி வெட்டணும், எந்திரிங்க. அடுப்படிக்குப் போனா அங்க ஒரு ஆளு நிக்கத்தான் எடம். சும்மா இருக்க முடியாம அஞ்சு வாளியில மண்ண நிரப்பி, சிவப்புப் பெயிண்ட் அடிச்சு, மெஷினுக்கு ஒண்ணா வச்சேன், தீ கீ பிடிச்சா அணைக்க. அதுல ரெண்டு பிள்ளைக தடுக்கி விழுந்துச்சுக. சாயங்காலம் ஜரினா மண்ண எடுத்து ரோஜாச் செடிக்குப் போட்டுட்டா. என் பழைய பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. பாதித் துணிய எடுத்து வைக்கவே இல்ல நான். எங்க வைக்கிறதுன்னு தெரியல. அவகிட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. இருபத்தேழு வருஷம் இந்த வீட்டுக்குத்தானே ஓடுனோம், இங்க நமக்குன்னு ஒரு எடம் இருக்கா இல்லையாங்கிறதுதான் ராத்திரி பகலா என் மண்டைக்குள்ள ஓடுச்சு.

நாப்பதாவது நாளோ என்னமோ. ஜரினா ஒரு ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கிட்டு இருந்தா. நான் டீ டம்ளரக் கழுவி வச்சேன். ஊசியிலேருந்து கண்ண எடுக்காம, "எப்ப போறீங்க?"ன்னு கேட்டா. கேட்டதும் அவளுக்கே திக்குன்னு ஆயிருச்சு. ஊசி நின்னுபோச்சு. இனிமே போறதுக்கு எடம் இல்ல ஜரினான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன், குரல்தான் உடைஞ்சிருச்சு. அவ ஜாக்கெட்ட மடிச்சு மடியில வச்சுக்கிட்டா. "வாய் தவறி வந்துருச்சுங்க. நாள எண்ணாம உங்களோட எப்படி இருக்குறதுன்னு எனக்குத் தெரியல."

கொடி இறங்குன நாள்

அதுக்கப்புறம் ஒரு மாசத்துல அப்பாராவ் போன் பண்ணாரு. பட்டாசுக்கடையும் ரிட்டயர்டு பாய், சரக்கெல்லாம் இறக்கிட்டோம், உடைக்கக் குடுக்கப் போறாங்க, கடைசியா ஒருதரம் வந்து பாருங்கன்னாரு. ஜரினாகிட்ட சொன்னேன். ரெண்டு நாளும் ஆகலாம், நாலு நாளும் ஆகலாம்னேன். அவ சரின்னுட்டு ஒரு சின்னப் பையில ஒரு செட் துணியும் ரெண்டு வேளைச் சப்பாத்தியும் கட்டிக் குடுத்தா. முன்னாடியெல்லாம் ஊறுகா, பொடி, முறுக்குன்னு மூட்டையாக் கட்டுவா. எப்ப போறீங்கன்னும் கேக்கல, எப்ப திரும்புவீங்கன்னும் கேக்கல. ரயில்ல ஜன்னல் ஓரம் உக்காந்து அந்தக் கனமில்லாத பையப் பார்த்துக்கிட்டே போனேன். நான் போனதுல அவளுக்கு நிம்மதியோன்னு ஒரு நெனப்பு. ஆகாத நெனப்புத்தான், ஆனா வந்துச்சு.

அங்க போயிப் பார்த்தா, எங்க கப்பல் சாதாரண ஜெட்டியில, ரெண்டு இழுவைப் படகுக்கு நடுவுல உரசிக்கிட்டு நிக்குது. இருபத்தேழு வருஷத்துல அதுக்கு முதல் பக்கத்து வீடு. கம்பம் மொட்டையா இருந்துச்சு. பழக்கத்துல அலமாரியில வைக்க நான் செல்போன எடுத்தேன். நாயக், அவரும் ரிட்டயர்டு ஆயி வேடிக்கை பார்க்க வந்திருந்தவரு, எங்கையத் தடுத்து, பொட்டி வேண்டாம் பாய், கப்பல் காலின்னாரு. சட்டைப் பையில போனோட அந்தக் கப்பல்ல நான் ஏறுனது அன்னைக்குத்தான். உள்ள போறப்ப செம்புத் தகடு இருந்த எடத்துல கைய வச்சேன். கழட்டிட்டுப் போயிட்டாங்க, நாலு ஆணி ஓட்டைதான் இருந்துச்சு. பழைய ஆளுக ஏழெட்டுப் பேரு, வெத்து அறைக்குள்ள நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அப்பப் பார்த்து என் போன் அடிச்சுச்சு. அந்த அறைக்குள்ள போன் மணி! எல்லாரும் அப்படியே உறைஞ்சு போயிட்டோம். ஒருத்தன் செவத்தோட ஒட்டிக்கிட்டான். அப்பாராவ் வெளிய ஓடிப்போயிக் கம்பத்தப் பார்த்தாரு, சிவப்புக் கொடி ஏறியிருக்கான்னு. நான் அவசரமா அத அணைக்கப் போனேன். நாயக்தான் கத்துனாரு, "எடு பாய், எடு! இந்தத் தடவையாவது எடு!" எடுத்தேன். பின்னாடி தையல் மெஷின் சத்தம் கேக்கல. பிள்ளைகள அனுப்பிட்டா போல. அப்புறம் ஜரினா கேட்டா: "என்னங்க, எப்ப வாரீங்க?"

எப்ப போறேன்னு கேக்க ஊரே இருக்கு, எப்ப வாரேன்னு கேக்க ஒருத்திதான் இருக்கான்னு எனக்குப் புரிய ஒரு கப்பலே காலியாக வேண்டியிருந்துச்சு.